என் வீட்டுக்காரர் முகத்துக்கு வந்த விமர்சனங்கள்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒருத்தர் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தார். நான் முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். “ஏம்மா, ரெண்டு பக்கமும் என் மூஞ்சியாவே இருக்கே” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மூஞ்சி என்ற சொல்லே எனக்கு ஆகவில்லை.

பாளையம்பட்டியில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் கடை. பட்டா மனு, ரேஷன் கார்டு திருத்தம், பரீட்சைக்கு அப்ளிகேஷன் என்று ஊரில் பாதிப் பேரின் காகிதம் என் கையைத் தாண்டித்தான் போகும். அன்றைக்கு ஒரு கையால் மெஷினைத் தட்டிக்கொண்டே மறுகையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நடித்த படம் அன்றைக்கு ரிலீஸ். அவர் முகம் முதன்முதலாகத் திரையில் வரப்போகிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நாலு பேர் நல்லதாக எழுதினால் அடுத்து யாராவது கூப்பிடுவார்கள். எழுதாவிட்டால் அவ்வளவுதான்.

அவர் அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சினிமாவுக்கும் எங்களுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பரளச்சிக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஒரு படம் எடுக்க வந்தார்கள். சுற்றிப் பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகளை முகமூடிக்காரன் ஒருவன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கிற பேய்க்கூத்துக் கதை. இவர் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலைக்கு ஆட்டோவை விட்டிருந்தார். முகமூடிக்காரனாக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்த ஸ்டண்ட் ஆளுக்கு இரண்டாம் நாளே காலில் முள் ஏறிவிட்டது. கருவேல முள் ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். அந்த ஆளால் காலை ஊன்றவே முடியவில்லை.

சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்து வந்த இவரை டைரக்டர் பார்த்திருக்கிறார். பாதத்தைப் பட்டையாக வைத்து, மெல்ல அழுத்திப் பார்த்து, அப்புறம் எடையைப் போட்டு, அடுத்த அடியை எடுத்து வைத்து. எங்கள் ஊரில் எல்லோரும் முள்ளுக்காட்டில் அப்படித்தான் நடப்போம். டைரக்டர் அதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாராம். சாக்குத் துணியில் இரண்டு ஓட்டை போட்டு இவர் தலையில் மாட்டிவிட்டார்கள்.

அந்தப் படம் எப்படியோ ஓடிவிட்டது. எழுதினவர்கள் எல்லாம் அந்த நடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மரணம் நிதானமாக நடந்து வருகிறது என்று ஒருவர் எழுதினார். இந்த நடைக்குப் பின்னால் எத்தனை மாதப் பயிற்சி இருந்திருக்கும் என்று இன்னொருவர் வியந்தார். நான் வாசித்துக் காட்டியதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். “முள்ளு குத்திருமேன்னு பயந்து நடந்தேன். அதுக்கு இம்புட்டு எழுதியிருக்காகளா?” என்றார். சிரித்தாரே ஒழிய, கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டார். “உள்ள இருந்தது யாருன்னு ஒருத்தரும் கேக்கலையா?” ஒருத்தரும் கேட்கவில்லை.

அதனால்தான் இரண்டாம் பாகத்துக்கு டைரக்டர் கூப்பிட்டு, கடைசிப் பத்து நிமிஷம் முகமூடி இல்லாமல் எடுக்கப்போகிறோம் என்று சொன்னபோது இந்த மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரிலீஸ் ஆகிறவரைக்கும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முகமூடிக்குள் யார் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் உயிர்நாடியாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கடைசிக் காட்சி எடுத்த அன்று, முகமெல்லாம் ரத்தச் சாயத்தோடு முகமூடியைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பினார். எத்தனை தடவை அதைத் திறந்து பார்த்தேன் என்று கணக்கே கிடையாது.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் போர்டு வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. காதுகுத்துக்கு ஒரு பிளெக்ஸ், சடங்குக்கு ஒரு பிளெக்ஸ், மச்சினன் பழைய லாரி வாங்கினால் அதற்கொரு பிளெக்ஸ். எங்கள் ஊர்ப்பக்கமே அப்படித்தான். பந்தல் இல்லாமல் கல்யாணம் நடந்தாலும் நடக்கும், போர்டு இல்லாமல் நடக்காது. ரிலீஸுக்கு முந்தின புதன்கிழமை கடைக்கு வந்து, “ஏத்தா, மாப்ள படத்துல என்னமோ பெருசா பண்ணியிருக்காருன்னு ஊரே பேசுது. ஒரு போட்டோ குடு, போர்டு அடிக்கணும்” என்றார்.

முதலில் முடியாது என்றேன். அவர் விடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஆசை அரித்தது. இதை மறைத்து என்ன செய்ய? “வெள்ளிக்கிழமை மொத ஷோ முடிஞ்ச பெறகுதான் கட்டணும் அண்ணே, அதுக்கு முன்னாடி ஒரு சுடுகுஞ்சுக்கும் தெரியக் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அந்த ரத்தச் சாய போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு ஏறிவிட்டது. ‘முகமூடிக்குள் மறைந்திருந்த எங்கள் சிங்கமே, வருக!’ என்று ஆளுயர எழுத்து. நடுவில் இவர் முகம். கீழே கைகூப்பியபடி என் சொந்தபந்தம் பதினெட்டுப் பேர்.

போனில் அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். “ஏண்ணே, வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்ல! கூறு இருக்கா உங்களுக்கு?”

“வெள்ளிக்கிழமை அஷ்டமியாச்சே ஆத்தா. காலண்டரைப் பாத்தியா? அஷ்டமியில போய் எவனாச்சும் மாப்ளைக்குப் போர்டு கட்டுவானா? நல்ல காரியத்தை நல்ல நாளுல செய்யணும்” என்றார், என்னமோ நான்தான் புத்தி கெட்டவள் மாதிரி.

அவிழ்க்கச் சொல்லி அவர் ஆளைப் பிடித்து ஏணியைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் போன யாரோ படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அது மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. கொலைகாரன் யார் என்பதைச் சொந்தக்காரர்களே போர்டு வைத்துச் சொல்லிவிட்டார்கள், இனி எதற்குப் படம் என்று ஒரே கேலி. சாயங்காலம் படக் கம்பெனியின் மேனேஜர் இவரைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சொந்தக்காரங்க ஆர்வத்துல பண்ணிட்டாங்க சார். போட்டோ எப்படிப் போச்சுன்னு தெரியல சார்” என்று இவர் சார் சார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஷோவுக்கு இவர் வரவில்லை. “நான் லோடு இருக்குன்னு போறேன், நீ பாத்துட்டு வா” என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையைச் சாத்திவிட்டு அண்ணன் குடும்பத்தோடு நான் போனேன். தியேட்டர் வாசலில் வெடிச் சத்தம். இரண்டு மணி நேரமும் நான் படத்தைப் பார்க்கவில்லை. யார் கழுத்து அறுபட்டாலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் எப்போது வரும், எப்போது முடியும் என்று சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாக்குத் துணி கழன்றது. என் வீட்டுக்காரர் முகம் சுவர் உயரத்துக்கு நின்றது. ஒரே விசில். காகிதம் பறந்தது. “மாமோய்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அங்கே கத்தியவர்கள் பாதிப் பேர் இவர் ஆட்டோவில் போய்வருகிறவர்கள், மீதிப் பாதி என் அண்ணன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர்கள். இந்த விசில் எதற்கு உதவும் என்று அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் இவர் போனில் கேட்டார். “சனம் என்ன சொல்லுச்சு?”

“விசிலு காதைப் பொளந்துருச்சு.”

“அது நம்மூரு. மத்த ஊர்ல?”

மத்த ஊரில் என்ன சொன்னார்கள் என்பது மத்தியானத்திலிருந்து வர ஆரம்பித்தது. மெட்ராஸில் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிறார்களே, அதில் ஒன்றை இவரே பார்த்துவிட்டார். “மாஸ்க்கைக் கழட்டாமலே விட்டிருக்கலாம் ப்ரோ” என்று ஒரு ஆள் உதட்டைப் பிதுக்கினான். இவர் அதை அணைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மாதிரி எதையும் திறக்கவில்லை. “இவனுக லைக்குக்காகப் பேசுறவனுக. இங்கிலீஷ்ல எழுதுறவுகதான் விஷயம் தெரிஞ்சவுக. போன தடவை நடையைப் பத்தி எழுதுனதும் அவுகதானே? நீ அதைப் படிச்சுச் சொல்லு” என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான்தான் வாசித்து, தமிழில் சொல்ல வேண்டும். முதல் விமர்சனம் ஒன்றைத் திறந்தேன். ஆரம்பமே போர்டைப் பற்றி. அப்புறம் படம் இழுவை என்றிருந்தது. அப்புறம் இவர் முகத்துக்கு வந்தார்கள். முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்ற பயம்தான் முதல் படத்தின் பலம், கழற்றியதும் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லையா? அது என் வீட்டுக்காரர் முகமடா!

“என்ன போட்டிருக்கு?” என்றார்.

“முகத்துல ஒரு அழுத்தம் இருக்குன்னு போட்டிருக்கு” என்றேன்.

“அழுத்தம்னா?”

“ஆழம். கண்ணுல என்னமோ இருக்காம். பாத்தா மறக்க முடியாதாம்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பொய் எவ்வளவு சரளமாக வருகிறதென்று. சனிக்கிழமை மூன்று படித்தேன், ஞாயிற்றுக்கிழமை நான்கு. எல்லாவற்றிலும் மூன்று நட்சத்திரத்தை எட்டியது ஒன்றுகூட இல்லை. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் புகழ்ச்சி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு விமர்சனத்தில் குரல் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, படத்தில் அவர் பேசவே இல்லையே என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. “பேசாமலே பேசுற மாதிரி இருக்காம்” என்று சமாளித்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் என்னால் மாற்றியும் வாசிக்க முடியவில்லை, தள்ளிவிட்டேன். முகமூடி கழன்றதும் நம் முன்னால் நிற்பது ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர், அவரைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா, எங்கே இறங்க வேண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தான் ஒருத்தன். அவனுக்கு இவர் யாரென்று தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறான். மறுநாள் கடையில் அதை இன்னும் இரண்டு தடவை படித்தேன். ஷேர் ஆட்டோ டிரைவர் என்றால் உனக்கு என்னடா இளப்பம், ஒரு நாள் வந்து மே மாச வெயிலில் அந்த ரோட்டில் ஓட்டிப் பார் என்று போனைப் பார்த்துத் திட்டினேன். காகிதம் எடுக்க வந்த அம்மா பயந்துபோய் ஒரு அடி பின்னால் போனார்கள்.

டைரக்டரிடமிருந்து போனே வரவில்லை. முதல் படம் வந்தபோது மூன்று தடவை கூப்பிட்டவர். இவர் போனைச் சட்டைப் பையில் வைக்காமல் ஆட்டோ ஹேண்டில் பாரில் ஒரு ஹோல்டரில் மாட்டிக்கொண்டார். சவாரிக்கு ஆள் கூப்பிட்டாலும் ஒரு கண் அதில்தான். நான் கடையில் இருந்தபடி, என்னால்தான், என்னால்தான் என்று வெந்துகொண்டிருந்தேன். போர்டால்தான் படம் நொடித்தது, போர்டால்தான் கோபத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னது மனசு. அண்ணன் வேறு போன் போட்டு, “நூறு நாள் ஓடுனா வேற டிசைன்ல அடிக்கலாம்” என்றார். நாசமாகப் போக என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இவர் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

“ரெட்டியபட்டியிலிருந்து வருவாகல்ல, காலேஜ் டீச்சர் அம்மா, இன்னைக்கு அவுகளைப் படிக்கச் சொன்னேன்” என்றார்.

“எதை?”

“அந்த ஆட்டோ டிரைவரு விமர்சனத்தை. நீ ஞாயித்துக்கிழமை படிக்கும்போது ஒண்ணை மட்டும் தள்ளிவிட்டுட்ட, அதுல ஆட்டோன்னு மட்டும் எழுத்துக் கூட்டிப் பாத்துட்டேன். அதுதான் என்னமோன்னு இருந்துச்சு. அவுக ரொம்ப சங்கடப்பட்டுப் படிச்சாக. அப்புறம் மத்ததையும் படிக்கச் சொன்னேன்.”

நான் கல்லாப்பெட்டிச் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

“நீ சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். “எவனும் அப்படி எழுதலை, அம்புட்டுதான்.” கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் தேவலை. “டைரக்டரு என்ன சொன்னாரு தெரியுமா அன்னைக்கு? எந்த உணர்ச்சியும் காட்டாதீங்கண்ணே, சவாரிக்கு நிக்கிற மாதிரி நில்லுங்கன்னாரு. அப்படித்தான் நின்னேன். எழுதுனவன் சரியாத்தான் எழுதியிருக்கான்.”

அப்போதுதான் போன் அடித்தது. டைரக்டர். இவர் எழுந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போட்டார். நான் மெஷினை அணைத்தேன்.

“அண்ணே, படம் கையைக் கடிக்கலை. போட்டதை எடுத்திருவாங்க. மூணாவது பண்ணலாம்னு சொல்றாங்க” என்றது குரல். எனக்கு மூச்சு வந்தது. “ஆனா முகம் வேண்டாம்ங்கிறாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மாஸ்க்தான். இந்தப் பாகத்துல பார்த்தது கனவுன்னு மாத்திடலாம்னு பேச்சு. நடைக்கு நீங்கதான் வேணும். வருவீங்களா?”

இவர் தொண்டையைச் செருமினார். “போர்டு விஷயத்துல கோவமா சார்?”

“சே, அதெல்லாம் ஓசி விளம்பரம்ணே. அதை விடுங்க. முகம்தான் எடுபடலை. உங்க தப்பு இல்ல. என் தப்பு.”

நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே, “வாரேன் சார்” என்றார்.

போர்டால்தான் என்று அந்த டைரக்டர் சொல்லியிருக்கக் கூடாதா? பழி என் தலையோடு போயிருக்கும். நான்கு நாளாக எதை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேனோ, அதுவே உண்மையாக இருக்கட்டும் என்று அந்த நிமிஷம் எனக்கு வேண்டிக்கொள்ளத் தோன்றியது. அவர் போனை வைத்ததும் நான் படபடவென்று கொட்டினேன். “அவுக உங்க மனசு நோகக் கூடாதுன்னு மறைக்கிறாக. போர்டுதான் காரணம். முன்னாடியே தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் எப்படிப் பயம் வரும்? உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. அந்த போட்டோவை அண்ணனுக்குக் குடுத்தது நாந்தான். நாந்தாங்க கெடுத்தேன்.” அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன்.

அவர் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார். “கட்டுறதுக்கு முன்னாடி மச்சான் எனக்குப் போன் போட்டாரு. வெள்ளிக்கிழமை வேணாம், வியாழக்கிழமையே கட்டிரவான்னு கேட்டாரு. கட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, நீங்களா சொன்னீக? ஏங்க?”

“வெள்ளிக்கிழமை வந்தா ஆளாளுக்கு என்னமாச்சும் சொல்லுவாகள்ல. எனக்கு அது மொதல்லருந்தே பயந்தான். வியாழக்கிழமை ஒரு நாளு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. அன்னைக்கு மட்டும் என் மூஞ்சிய நானே பாத்துக்கலாம்னு இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வழியா ஏழு ட்ரிப்பு போனேன்.”

அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒரு பொய்கூட மிச்சமில்லை. வெளியே ஒரு அம்மா ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, “டிரைவரு இல்லையா?” என்று சத்தம் போட்டார்கள். “இந்தா வாரேன்த்தா” என்று அவர் எழுந்து போனார்.